கோடை மதியத்தில் நம் நூலகம் திறந்திருக்கட்டும்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கூட்ட அழைப்பிதழ், பென்ஷன் படிவம் என்று ஏதாவது ஒரு தாளோடு கடைக்கு வந்திருப்பீர்கள். பதினோரு வருடமாக நூலக வாசலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

இந்த விடுமுறைக்கும் ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி நடத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல விஷயம், நடத்துங்கள். போன வருடம் என் மகளும் கலந்துகொண்டாள். அன்று வாசலில் செருப்பு விட இடமில்லை. சான்றிதழ் கொடுத்தீர்கள், கேசரி கொடுத்தீர்கள், எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். மறுவாரம் புத்தகம் எடுக்க வந்த பிள்ளைகளைக் கடையில் இருந்தே எண்ணினேன். நாலு பேர். வந்த கூட்டத்தில் பெரும்பாலான பிள்ளைகள் நூலக உறுப்பினரே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்று யாரும் அவர்கள் கையில் படிவத்தைக் கொடுக்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

ஆனால் நான் முக்கியமாகக் கேட்க வந்தது மதிய நேரத்தைப் பற்றி.

ஏப்ரல் கடைசியில் பள்ளி விட்டால் ஜூன் வரை பிள்ளைகள் வீட்டில்தான். நம் ஊரில் பல வீடுகள் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் போட்டவை. அக்னி நட்சத்திரத்தில் பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. அம்மா ஜவுளிக் கடைக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார். காசு இல்லாமல் நுழையலாம், ஃபேன் ஓடும், பெண் பிள்ளையை நம்பி அனுப்பலாம் என்று சொல்ல இந்த ஊரில் வேறு எந்தக் கட்டடம் இருக்கிறது? அந்தக் கட்டடத்தை வெயில் உச்சிக்கு வரும்போது பூட்டிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திறக்கிறோம்.

போன மே மாதம் ஒரு நாள் ரெண்டு மணிக்கு இரண்டு பையன்கள் நூலகப் படியில், சுவரோரம் ஒரு சாண் நிழலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். “நேத்து எடுத்தத படிச்சு முடிச்சிட்டோம் அக்கா, மாத்தணும்” என்றான் பெரியவன். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றேன். தெரியும் என்றார்கள். தெரிந்தே வந்து காத்திருந்தார்கள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

நூலகர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பதிவேடு, பத்திரிகை, தபால், கணக்கு என எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். காலையில் இருந்து ராத்திரி வரை அவரையே உட்காரச் சொல்வது நியாயமில்லை. அதனால்தான் அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். வட்டத்தில் இருபது பேருக்கு மேல் இருக்கிறீர்கள். ஒரு மதியத்துக்கு இரண்டு பேர் என்று முறை போட்டால், ஒருவருக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வரும். மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். மனுவைத் தயார் செய்யுங்கள், டைப் அடித்து நகல் எடுத்துத் தருவது என் பொறுப்பு.

கேட்டு வாங்க நமக்கு உரிமை இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்தது. அதன்படிதான் இன்றும் சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலக வரி சேர்த்துக் கட்டுகிறோம். வீட்டு வரி ரசீதை நகல் எடுக்க வருகிறவர்களிடம் அந்த வரியைக் காட்டியிருக்கிறேன். பலர் அதை அப்போதுதான் முதல்முறையாகக் கவனித்தார்கள்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற தம்பி தங்கைகளையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வந்தால் சத்தம் வரும் என்று அவர்கள் பயப்படுவது நியாயம்தான். அவர்களில் பலருக்கு வீட்டில் மேசை கிடையாது, இந்த நாற்காலியை நம்பித்தான் இருக்கிறார்கள். அவர்களை நகர்த்தாதீர்கள். பின்பக்கத் தாழ்வாரம் சும்மா கிடக்கிறது. பழைய சைக்கிளையும் உடைந்த பெஞ்சையும் எடுத்துவிட்டு, தென்னங்கீற்றில் ஒரு தடுப்பு கட்டி, பாய் விரித்தால் போதும். பிள்ளைகள் அங்கே வாய்விட்டே படிக்கலாம். தேர்வுக்குப் படிக்கிறவர்களில் விருப்பப்பட்டவர் வாரம் ஒரு மணி நேரம் வந்து கதை சொல்லலாம். இரண்டு பேரிடம் கேட்டேன், சரி என்றிருக்கிறார்கள்.

அப்புறம், சிறுவர் புத்தகங்கள் இரும்பு பீரோவுக்குள் இருக்கின்றன. கிழித்துவிடுவார்கள் என்ற கவலை புரிகிறது. கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம், பைண்டிங் எனக்குத் தெரியும். பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு அடுக்கில் வையுங்கள். நம் சுவரில் படமாக இருக்கும் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். அதே வருடம் அக்டோபரில் இங்கே பக்கத்தில், மன்னார்குடியை ஒட்டிய மேலவாசலில், கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அந்த மண் பாதையில் மாடு இழுத்துக்கொண்டு போன புத்தகங்களை நினைத்துப் பார்க்கிறேன். நாம் வண்டி கட்ட வேண்டியதில்லை. பிள்ளைகள் தாங்களாகவே நடந்து வந்து படியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகும் நூலக நண்பர்கள் திட்டம் அரசிடமே இருக்கிறது. அதற்கும் இந்த விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் கிடைப்பார்கள், யோசியுங்கள்.

போட்டி நாளன்று வாசலில் ஒரு மேசை போட்டுக்கொள்கிறேன். உறுப்பினர் படிவம், முகவரிச் சான்று நகல் எதற்கும் காசு வாங்க மாட்டேன். காப்புத் தொகை கட்ட முடியாத பிள்ளைகளுக்குப் புரவலர்களில் யாராவது பொறுப்பேற்றால், அன்றே அட்டை வாங்கி, ஒரு புத்தகத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

பள்ளி விடுவதற்கு முந்தைய ஞாயிறு உங்கள் மாதக் கூட்டம் என்று பலகையில் பார்த்தேன். நான் உறுப்பினர் இல்லை. ஆனாலும் அன்று கடையைச் சாத்திவிட்டு வருகிறேன், பேச ஐந்து நிமிடம் கொடுங்கள். முறை போடும் பட்டியலில் செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
எதிர்க் கடைக்காரி