அது யாருடைய நடனம்?

ஆஸ்திரேலியாவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

போன ஆண்டு ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் மேடையேறினார்கள். முகத்திலும் கையிலும் வெள்ளைக் கோடுகள், இடுப்பில் பழுப்புத் துணி, கையில் அட்டையில் வெட்டிய பூமராங். டிஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலின் இசையை ஒலிக்கவிட்டு, அதற்கேற்பக் குதித்து ஆடினார்கள். 'ஆஸ்திரேலிய ஆதிவாசி நடனம்' என்று அறிவிப்பு. பத்தில் ஒருத்தி என் மகள். முன் வரிசையில் உட்கார்ந்து போனில் படம் பிடித்துக் கைதட்டியவள் நான். அதனால் வெளியே நின்று குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

காரில் திரும்பும்போது மகள் கேட்டாள்: "அம்மா, அது யாரோட டான்ஸ்?" எனக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்த ஆசிரியையிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. 1788இல் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து இறங்கியபோது இந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. டிஜெரிடூ வடக்கே உள்ள மக்களின் கருவி. இன்று நாம் பார்க்கும் புள்ளி ஓவியம் 1970களின் தொடக்கத்தில் நடுப் பாலைநிலத்துப் பபுன்யாவில் உருவெடுத்தது. டோரஸ் நீரிணைத் தீவுகளின் மக்களோ தனி இனம், தனிப் பண்பாடு. எல்லாவற்றையும் ஒரே மேடையில் கலந்து ஆடவிட்டோம். யாராவது பஞ்சாபித் தலைப்பாகையும் கதகளி ஒப்பனையுமாய்க் கரகம் ஆடி, 'இதுதான் தமிழர் கலை' என்றால் நாம் சும்மா இருப்போமா? அதோடு, உடலில் தீட்டும் கோலங்களுக்கும் பல ஆட்டங்களுக்கும் உரியவர்கள் உண்டு. இன்ன குலத்தார், இன்ன சடங்கில் என்று வரையறை உண்டு. கேட்காமல் எடுப்பது மரியாதை இல்லை.

சரி, அப்புறம் எதைத்தான் சொல்லிக்கொடுப்பது?

நம்முடையது மொழிப் பள்ளி. மொழியிலிருந்தே தொடங்கலாம். முதல் கப்பல்களோடு வந்த வில்லியம் டாஸ் என்ற அதிகாரி வானியலும் அறிந்தவர். சிட்னித் துறைமுகக் கரையில் பட்யேகராங் என்ற இளம்பெண்ணிடம் அந்த நிலத்து மொழியைக் கற்றுக்கொண்டார். எழுதிவைத்த குறிப்பேடுகள் இன்றும் லண்டனில் இருக்கின்றன. அதில் 'புட்டுவா' என்று ஒரு சொல்: தன் கையை நெருப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டு, அடுத்தவர் விரல்களை மெல்ல அழுத்துவது. இத்தனையும் ஒரே சொல்லில்! பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். வகுப்பே கையைத் தேய்க்கத் தொடங்கிவிடும். என் வீட்டில் அதுதான் நடந்தது.

நம் பாடத்தாளில் பூர்வகுடி மக்களைப் பற்றி 'இவர்கள் வேட்டையாடி, காய்கனி பொறுக்கி வாழ்ந்தனர்' என்று ஒரு வரி இருந்தது. அந்த 'வாழ்ந்தனர்' என்னை உறுத்துகிறது. அவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். மருத்துவராக, எழுத்தாளராக, நம் பிள்ளைகளின் பகல் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார்கள். அதோடு, அந்த வரி பாதிதான் உண்மை. தென்மேற்கு விக்டோரியாவில் பட்ஜ் பிம் என்னும் இடத்தில் குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களைக் கொண்டு வாய்க்காலும் தடுப்பணையும் அமைத்து, விலாங்கு மீன்களைப் பிடித்துத் தேக்கிவைத்தார்கள். அதில் பழைய பகுதிகளுக்கு வயது குறைந்தது 6,600 ஆண்டுகள். 2019இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கல்லணையைப் பற்றி நம் பிள்ளைகள் மார்தட்டிக் கட்டுரை எழுதுகிறார்கள், எழுதட்டும். பக்கத்தில் இதையும் வையுங்கள்.

கசப்பான பகுதியைத் தவிர்க்க வேண்டாம் என்பேன். பத்து, பதினொரு வயதில் அநியாயம் என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். அரசும் கிறிஸ்தவ மிஷன்களும் பூர்வகுடிக் குழந்தைகளைத் தாய் தந்தையிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனதை, பலருக்குத் தாய்மொழி பேசவே தடை இருந்ததை, 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதைச் சொல்லலாம். தாய்மொழிக்காகச் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்து வரும் பிள்ளைகளுக்கு, மொழி பறிபோவது என்றால் என்ன என்று விளக்கத் தேவையே இருக்காது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: 'உன்னை இப்போது பிரித்துக் கொண்டுபோகிறார்கள், நடித்துக் காட்டு' என்பது. போரில் குடும்பத்தைத் தொலைத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். பாடத்துக்கு முந்தைய வாரமே பெற்றோருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். மறைந்தவர்களின் படத்தையும் பெயரையும் காட்டுவது சில பூர்வகுடிச் சமூகங்களுக்கு வேதனை தரும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது இங்குள்ள வழக்கம்.

விழாத் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் ஒருவர், இந்த நிலத்துக்குரிய பூர்வகுடி மக்களை நினைவுகூரும் அந்த ஆங்கிலப் பத்தியை மூச்சுவிடாமல் வாசிப்பாரே, அதைத் தமிழில் சொன்னால் என்ன? வரவேற்பது அந்த நிலத்துக்குரியவர்களின் உரிமை. நாம் செய்யக்கூடியது அவர்களை மரியாதையோடு நினைவுகூர்வது. பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். மேற்கு சிட்னியின் பெரும்பகுதி தாருக் மக்களின் நிலம், அடிலெய்டு கௌர்னா மக்களுடையது. உங்கள் வகுப்பறை யார் நிலத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். நல்ல வீட்டுப்பாடம்.

இந்த ஆண்டு விழாவுக்கு ஒத்திகை இன்னும் தொடங்கவில்லை. தயவுசெய்து அந்த ஆட்டத்தை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு உள்ளூர்ப் பூர்வகுடிப் பெரியவர் ஒருவரை அழைக்கலாம். என்ன பேசுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அதற்குரிய தொகையையும் கொடுங்கள். நாட்டிய ஆசிரியைக்குக் கொடுக்கிறோம்தானே. தொகையில் முதல் பங்கு என்னுடையது.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா