சட்டாம்பிள்ளை போய்விட்டான்

கும்பகோணம்

அன்பு நண்பா,

நலம். உன் முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் தேய்த்துக்கொள். ஆறு மாதமாக எழுதாததற்கு என்னைத் திட்டு. ஆனால் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

நம் வகுப்புச் சட்டாம்பிள்ளை போய்விட்டான். வியாழக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு, தூக்கத்திலேயே. இரண்டு முறை உன் எண்ணை அழுத்தினேன். சொல்ல நாக்கு எழாது என்று தெரிந்து வைத்துவிட்டேன்.

நான் போனபோது ஐந்தரை இருக்கும். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சித்திரைப் புழுக்கம், ஆனால் மின்விசிறி ஓடவில்லை. சுவிட்சைப் போடக் கை நீட்டினேன். "வேண்டாம் அண்ணா, கண் காய்ந்துவிடும்" என்று அவன் மனைவி தடுத்தார். அப்போதுதான் கவனித்தேன்: மூடிய இமைகளின் மேல் ஈரப்பஞ்சு, தலைக்கு அடியில் இரண்டு தலையணை. உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும், விசிறி கூடாது, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும் என்றெல்லாம் தன் மணிமணியான கையெழுத்தில் எழுதி, பீரோக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறான், மகாபாவி. கண்ணை எடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பான் என்று உறவுக்காரப் பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார். அந்த அம்மாள் பதிலே சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், பஞ்சை மறுபடி நனைத்து வைத்தார்.

ஏழு மணிக்குக் கண் வங்கியிலிருந்து வந்தார்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. சர்க்கரை நோய், புரை அறுவை சிகிச்சை, வயதும் எழுபதை நெருங்கிவிட்டது. இந்தக் கண் உதவுமா என்று கேட்டேன். அதெல்லாம் தடையில்லை, எங்களுக்கு வேண்டியது கருவிழி என்றார் வந்த இளைஞர். இரண்டு பேருக்குப் பொருத்தலாமாம். முகம் அப்படியே இருந்தது. நீ பயந்த சுபாவம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அவன் படித்திருந்தால் எங்கோ போயிருப்பான். அந்த ஆற்றாமை எனக்கு இன்றும் அடங்கவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவன், 1972இல் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று அப்பாவின் பைண்டிங் கடையில் உட்கார்ந்தான். நாமெல்லாம் பழைய புத்தகத்தைப் பாதி விலைக்கு விற்று ஐஸ் வாங்கித் தின்றோம். அவன் மட்டும் பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாகப் பிரித்து, நூல் போட்டுத் தைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை தடவி, முதுகுக்குக் காலிகோத் துணி ஒட்டி, அடுத்த வகுப்புப் பிள்ளைக்குச் சும்மா கொடுப்பான். ஒரே ஒரு நிபந்தனைதான்: முன்பு படித்தவன் பெயரை அடிக்கக் கூடாது, அதன் கீழே உன் பெயரை எழுத வேண்டும். என் தம்பிகள் மூன்று பேரும் அப்படித்தான் படித்தார்கள்.

நீ தோற்ற அந்த வருடம் உன் வீட்டில் யாரும் உன்னோடு பேசாமல் இருந்தார்களே, நினைவிருக்கிறதா? பைண்ட் செய்த புத்தகக் கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் அல்ஜீப்ரா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நீ தேறும் வரை ஒரு நாள் தவறவில்லை.

2028 மகாமகத்துக்கு மூவரும் சேர்ந்து குளத்தில் இறங்குவதாகப் பேச்சு. 1968இல் கூட்டத்தில் தொலைந்த உன்னை அவன் தேடிப் பிடித்த அதே படித்துறையில்.

நேற்று கடையைத் திறந்தோம். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பாடப் புத்தகங்களைச் சேர்த்து அடுக்கி வைத்திருக்கிறான். ஒன்று பாதி தைத்தபடி கிடக்கிறது, ஊசி கோத்தபடியே இருக்கிறது. கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தையல் ஓரளவு வரும். பசை காய்ச்சத்தான் ஆள் வேண்டும்.

என் கண்களைப் பற்றி மகனிடம் சொல்லிவிட்டேன். நீயும் சொல்லிவை. நாம் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் போன் செய்யப் போவது வீட்டில் இருப்பவர்கள்தான்.

பதினாறாம் நாளுக்கு வந்துவிடு. முழங்காலைச் சாக்குச் சொல்லாதே, ஸ்டேஷனுக்கு ஆட்டோவோடு வருகிறேன். அந்த அல்ஜீப்ரா புத்தகம் உன்னிடம் இருந்தால் எடுத்து வா. அவன் பெயருக்குக் கீழே உன் பெயர் இருக்குமே, அந்தப் பக்கத்தை அவன் மனைவிக்குக் காட்ட வேண்டும்.

உன்,
மூன்றாம் பெஞ்சுக்காரன்