அழியாத சக்தியும் மின் கட்டணமும்: பெற்றோர்களுக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

சக்தியை ஆக்கவும் அழிக்கவும் இயலாது, அது வடிவம் மட்டுமே மாறும் என்று நான்காம் ஆண்டு அறிவியலில் படித்து வந்த பிள்ளைகளிடம், "அப்படியானால் காற்றாடியை ஏன் அடைக்க வேண்டும், மாதா மாதம் மின் கட்டணம் எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பாடநூலின் ஒற்றை வரி அதற்குப் பதில் சொல்வதில்லை.

ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் அழுத்தித் தேய்த்து, பக்கத்திலிருப்பவர் கையில் வைத்து அலற விட்டது தோட்டத்தில் வளர்ந்த எல்லாரும் செய்த குறும்புதான், நானும் செய்திருக்கிறேன். உண்ட சோற்றின் சக்தி கையின் அசைவாகி, அசைவு உராய்வினால் வெப்பமானது. கொட்டை ஆறியபோது அவ்வெப்பம் அழியவில்லை. தரையிலும் காற்றிலும் பரவிவிட்டது. பரவியதைத் திரட்டி மறுபடி கையை அசைக்க வைப்பதுதான் நடக்காத காரியம். காற்றாடியிலும் மின்சக்தி இயக்கமாகி, காற்றைத் தள்ளி, கடைசியில் வெப்பமாகவே முடிகிறது. ஆளில்லாத அறையில் சுழலும் காற்றாடி அறையைக் குளிர்விப்பதில்லை, சற்றே சூடாக்குகிறது. பயன்படும் வடிவில் சக்தி வீடு தேடி வந்ததற்கே நாம் பணம் கட்டுகிறோம். மீட்டரில் ஏறும் ஒரு யூனிட் 36 இலட்சம் ஜூல்.

ஜூல் என்னும் சக்தி அலகுக்குப் பெயர் தந்த அறிவியலாளர் ஜேம்ஸ் ஜூல், 1840களில் இங்கிலாந்தில், கீழிறங்கும் எடைக்கற்களால் நீருக்குள் துடுப்புகளைச் சுழலவிட்டு, நீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது: நீர் 1 பாகை செல்சியஸ் சூடேற, அதே அளவு எடை ஏறக்குறைய 427 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சக்தி முழுவதும் வெப்பமாக வேண்டும், கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரமே 452 மீட்டர்தான்.

செம்பனை ஆலையில் பணிபுரியும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பழத்தின் நாரும் ஓடும் கொதிகலனில் எரிந்து நீரை நீராவியாக்குவதையும், அந்நீராவி மின்சாரம் தந்துவிட்டுக் குலைகளையும் வேகவைப்பதையும் வகுப்புக்கு வந்து பத்து நிமிடம் சொல்லுங்கள். நாங்கள் படம் காட்டி விளக்குவதைவிட அது பிள்ளைகள் மனத்தில் நன்றாக நிற்கும்.

அடுத்த வாரச் சோதனைக்கு ஒவ்வொரு மாணவரும் இரண்டு ரப்பர் கொட்டைகள் கொண்டுவர வேண்டும். அவற்றை வாயில் வைக்கக் கூடாது. தேய்த்ததை யார் கையிலும் வைக்கவும் கூடாது. நான் எச்சரித்துவிட்டேன், வீட்டிலும் ஒரு முறை சொல்லி அனுப்புங்கள்.

நன்றி.

இக்கண்,
தலைமையாசிரியர்