பணி மாறுதலுக்கு உள்ளாகும் ராணுவ வீரர்களின் பிள்ளைகளைக் கல்வியாண்டின் நடுவிலும் அரசுப் பள்ளிகளில் சேர்க்க ஆணை வேண்டி மனு

அனுப்புநர்
பணியிலுள்ள ராணுவ ஹவில்தார் ஒருவரின் மனைவி
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம்,
சென்னை 600 009

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: ராணுவ வீரர்களின் பணி மாறுதல் – கல்வியாண்டின் நடுவில் ஊர் திரும்பும் பிள்ளைகள் – 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் சேர்க்கை, தமிழ்ப் பாடத்துக்கான சிறப்புப் பயிற்சி, அரசுப் பள்ளி மாணவர் சலுகைகளில் இடைவெளியை மன்னித்தல் – ஆணை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். என் கணவர் இந்திய ராணுவத்தில் ஹவில்தாராகப் பணியாற்றி வருகிறார். ‘பீஸ் ஸ்டேஷன்’ எனப்படும் அமைதிப் பகுதி ஒன்றில் இருந்த அவருடைய யூனிட், கல்வியாண்டு பாதி கடந்திருந்த வேளையில் எல்லையோரத்து ‘ஃபீல்டு’ பகுதிக்கு மாற்றப்பட்டது. குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாத இடம் அது என்பதால், நானும் என் இரு பிள்ளைகளும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பினோம். நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகனை அரசுப் பள்ளியில் கேட்ட அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளோ பல வாரங்கள் பள்ளி இல்லாமல் வீட்டில் இருக்க நேர்ந்தது. ஒரே மாறுதலால் ஒரே வீட்டிலிருந்து வந்த இரு பிள்ளைகளுக்கு இப்படி இரு வேறு நிலை ஏற்பட்டதன் காரணத்தையும், அதைத் தங்கள் துறை எளிதாகச் சரிசெய்ய முடியும் என்பதையும் எடுத்துச் சொல்லவே இந்த மனுவை எழுதுகிறேன்.

மாறுதலைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். எங்கே போகச் சொன்னாலும் போவது என்பதை ஏற்றுக்கொண்டுதான் என் கணவர் பணியில் சேர்ந்தார்; நானும் அதை அறிந்தே அவரை மணந்தேன். படைவீரர்களின் அடிப்படை உரிமைகளை வரையறுத்துச் சுருக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு வழங்கியுள்ளது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, சங்கம் சேர்வதற்கும் பத்திரிகைகளுக்கு எழுதுவதற்கும் அவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. மற்ற அரசு ஊழியர்கள் தங்கள் சங்கத்தின் வழியாகக் கேட்டுப் பெறுவதை, எங்களைப் போன்ற குடும்பங்கள் தனித்தனியாக மனு எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே இதை ஒரு வீட்டின் விண்ணப்பமாக மட்டும் கொள்ளாமல், இதே நிலையில் உள்ள எல்லாக் குடும்பங்களின் சார்பாகவும் பரிசீலிக்கும்படி வேண்டுகிறேன்.

ராணுவத்தில் மாறுதல் பள்ளி நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அமைதிப் பகுதியிலிருந்து ஃபீல்டு பகுதிக்கும் அங்கிருந்து மீண்டும் அமைதிப் பகுதிக்குமாக யூனிட்டுகள் இடம் மாறுகின்றன. மாநில அரசு ஊழியர் ஒருவர் மாறுதல் பெற்றால் குடும்பத்தோடு போகலாம். இல்லையென்றால் பிள்ளைகளின் முழுஆண்டுத் தேர்வு முடியும் வரை குடும்பத்தைப் பழைய ஊரிலேயே விட்டுவைக்கலாம். ஃபீல்டுக்குப் போகும் வீரரின் குடும்பத்துக்கு முதல் வழி அறவே இல்லை. இரண்டாவது வழியோ, பழைய நிலையத்தில் குவார்ட்டர்ஸ் எத்தனை நாளைக்கு நீட்டித்துக் கிடைக்கும் என்பதைப் பொறுத்தது. அது கிடைக்காதபோது, மொழி தெரியாத ஊரில் ஒரு பெண் இரு பிள்ளைகளோடு தனியாக வாடகைக்கு வீடு பிடித்து இருப்பதைவிட, உறவினர் இருக்கும் சொந்த ஊருக்கு வருவதே முறையாகப்படுகிறது. அப்படித்தான் நாங்கள் வந்தோம்.

என் மகனுக்கு உடனே இடம் கிடைத்ததற்குக் காரணம், குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. அதன் 5-ஆம் பிரிவு, ஒரு குழந்தை எக்காரணத்தால் ஒரு பள்ளியை விட்டு வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தாலும், மாநிலத்துக்குள் ஆனாலும் வெளியே ஆனாலும், மாறிச் சேரும் உரிமையை அளிக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால், அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. கல்வியாண்டு தொடங்கி எவ்வளவு காலம் ஆகியிருந்தாலும் சேர்க்கை மறுக்கப்படக் கூடாது என்பது 15-ஆம் பிரிவு. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட சட்டம் கையில் இருந்ததால் அந்தத் தலைமையாசிரியருக்குத் தயக்கம் எழவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு 6 வயது முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடியும் வரை மட்டுமே. ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளைக்கு அதே தெளிவோடு கூறும் விதி எதுவும் பள்ளியின் கையில் இல்லை. தலைமையாசிரியர்கள் சேர்க்க மனமின்றி மறுத்ததாக நான் எண்ணவில்லை. பின்னாளில் கேள்வி வந்தால் காட்டுவதற்கு ஓர் ஆணை இல்லாததால்தான் தயங்கினார்கள் என்றே நம்புகிறேன்.

ஆணை இல்லாத இடத்தில் ஆவணங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டன. மாற்றுச் சான்றிதழில் அந்த மாநிலக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டும் என்றார்கள். அதை வாங்குவதற்காக, நாங்கள் விட்டு வந்த ஊருக்கே நான் மீண்டும் ரயில் ஏற வேண்டும். தந்தையின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். அவர் இருக்கும் இடத்தில் தொலைபேசித் தொடர்பு கிடைப்பதே அரிது. கடைசியாக, எந்த ஊருக்கு மாற்றப்பட்டார் என்பதற்கு ஊர்ப் பெயருடன் சான்று கேட்டார்கள். என்னிடம் இருந்த தாளில் அவருடைய ராணுவ எண்ணும் பதவியும் யூனிட்டின் பெயரும் இருந்தன. முகவரி என்ற இடத்தில் ‘56 ஏ.பி.ஓ.’ என்று மட்டுமே இருந்தது. எல்லையில் இருக்கும் யூனிட்டின் இருப்பிடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே ராணுவ அஞ்சலகங்கள் எண்களால் குறிக்கப்படுகின்றன. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் ஊரே இல்லையேம்மா” என்றார் அலுவலகப் பணியாளர். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் ஊர்ப் பெயர் போட்ட தாளை எந்த யூனிட்டும் எனக்குத் தர முடியாது.

பிற மாநிலத்தில் படித்துவிட்டு வந்ததால் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவேடான எமிஸ் தளத்தில் மகளின் பெயரைப் பதிவதிலும் தாமதம் ஏற்பட்டது. மேற்சொன்ன ஆவணச் சிக்கல் தீர்ந்தால் இதுவும் தானாகத் தீர்ந்துவிடும் என்பதால் விரிவாக எழுதவில்லை.

தமிழ்ப் பாடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் மகள் ஆறாம் வகுப்பை இங்கே அரசுப் பள்ளியில் படித்தாள். அதன்பின் தந்தையின் மாறுதலோடு வடமாநிலத்துக்குப் போய், ஏழாம் வகுப்பிலிருந்து கேந்திரிய வித்யாலயாவில் படித்தாள். அங்கே இந்தியும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் படிக்க வேண்டியிருந்தது, தமிழ் இல்லை. வீட்டில் தமிழ் பேசியதால் பேச்சில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எழுதும்போதுதான் கை நின்றுவிடுகிறது. எந்த இடத்தில் ‘ந’ வரும், எங்கே ‘ன’ வரும், எங்கே ‘ண’ வரும் என்று ஒவ்வொரு சொல்லிலும் தயங்கி, என் முகத்தைப் பார்க்கிறாள். ஒற்று மிகுவது அவளுக்குப் புதிய கணக்காக இருக்கிறது. செய்யுள் வரியைச் சீர் பிரித்து வாசிக்க வரவில்லை. கணிதத்திலும் அறிவியலிலும் விடை தெரிந்திருந்தும், வினாவைத் தமிழில் வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006 தமிழைப் பள்ளிப் பாடங்களின் முதல் பகுதியில் (பகுதி-1) கட்டாயப் பாடமாக்கியுள்ளது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்த் தாளிலிருந்து விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று சிலர் எனக்கு யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரியாமல் என் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கக் கூடாது. விலக்குக்குப் பதிலாக அவளுக்குக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைத் தரும்படி கேட்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்படும் குழந்தை மற்றவர்களுக்கு ஈடாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையைத் தருகிறது. அதே வகையான பயிற்சி, தமிழ்ப் பாடத்துக்கு மட்டுமாவது, உயர்நிலை மேல்நிலை வகுப்புகளில் நடுவில் வந்து சேரும் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்துச் சொல்லப்போவது இன்றைக்குத் தெரியாத, ஆனால் சில ஆண்டுகளில் பெரிதாகத் தெரியவிருக்கும் இழப்பு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் 2020-ஆம் ஆண்டுச் சட்டமும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு அதே ஒதுக்கீட்டை விரிவாக்கிய 2021-ஆம் ஆண்டுச் சட்டமும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதைத் தகுதியாக வைத்துள்ளன. 2022-இல் தொடங்கப்பட்டு, உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்திலும் இதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கே அடிப்படை. என் மகள் ஆறாம் வகுப்பை அரசுப் பள்ளியில் படித்தாள். இனிப் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படிக்கப் போகிறாள். இடையில் உள்ள காலம் அவள் தந்தை எங்கே பணியாற்ற வேண்டும் என்று அரசு முடிவு செய்த காலம். அப்போது அவள் படித்ததும் மத்திய அரசு நடத்தும் பள்ளியே. தனியார் பள்ளியின் வசதியைத் தேடிப் போய்விட்டு, சலுகைக்காகத் திரும்பி வந்த பிள்ளையையும் இவளையும் ஒன்றாக வைத்து எண்ணுவது நியாயமாகாது. எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. எனவே நியாயமான காரணம் இருந்தால் கணக்கைத் தளர்த்தலாம் என்பது அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட கொள்கைதான்.

மாறுதலைப் பிள்ளையின் குறையாகக் கொள்ளாத ஏற்பாட்டுக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கேந்திரிய வித்யாலயாக்கள், ராணுவ ரெஜிமென்ட்டுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை 1963-இல் ஏற்று நடத்தத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தவை. அங்கே சேர்க்கையின்போது பெற்றோர் கடந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை முறை மாறுதல் பெற்றார் என்று பார்த்து முன்னுரிமை தருகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளிகள் எங்களைப் போன்றவர்கள் ஊர் திரும்பும் இடங்களிலெல்லாம் இல்லை. எங்களுக்கு எட்டும் தொலைவில் இருப்பது தங்கள் துறையின் பள்ளிதான்.

ஆகவே, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில், தந்தையோ தாயோ ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றில் பணியாற்றி, மாறுதல் பெற்றதால் ஊர் திரும்பும் பிள்ளைகளை, ஆண்டின் எந்த மாதத்தில் வந்தாலும் அரசுப் பள்ளிகளில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, ஆவணங்களைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்று எல்லா மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் ஆணை அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மாறுதலுக்குச் சான்றாக, ஊர்ப் பெயர் இல்லாவிட்டாலும், யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் வழங்கும் சான்றிதழையோ மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சரிபார்த்து அளிக்கும் கடிதத்தையோ ஏற்கலாம் என்றும், தந்தை எல்லையில் இருக்கும்போது தாயின் கையொப்பமே போதும் என்றும் அந்த ஆணையில் குறிப்பிட வேண்டுகிறேன். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளில் நடுவில் சேர்வதற்குத் தேர்வுத் துறையின் கால வரம்புகள் இருப்பதை அறிவேன். அவ்வகுப்புகளுக்குத் தனியாகத் தேதி வரையறுத்தாலும் எங்களுக்கு உதவியாகவே இருக்கும். தமிழ்ப் பாடத்துக்கு, பள்ளி நேரத்துக்கு முன்போ பின்போ, இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டே சில மாதங்கள் சிறப்பு வகுப்பு நடத்த வழிசெய்ய வேண்டுகிறேன்.

உள் ஒதுக்கீடும் உதவித்தொகையும் தங்கள் துறைக்குள் மட்டும் முடிவாகக் கூடியவை அல்ல. சட்டத் திருத்தமும் பிற துறைகளின் இசைவும் தேவைப்படலாம். மாறுதலுக்கு முன்னும் பின்னும் அரசுப் பள்ளியில் படித்து, இடைப்பட்ட காலத்தில் கேந்திரிய வித்யாலயாவிலோ பிற மாநில அரசுப் பள்ளியிலோ படித்த படைவீரர்களின் பிள்ளைகளுக்கு மட்டும், மாறுதல் உத்தரவின் தேதிகளோடு பொருந்தும் அளவுக்கு அந்த இடைவெளியை மன்னிக்கும் கருத்துருவைத் தங்கள் துறை அரசின் முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் இது முடிவாகாமல் போகலாம். அப்படியானாலும் அடுத்த யூனிட்டின் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் கேட்கிறேன்.

மாறுதல் உத்தரவின் நகல், பிள்ளைகள் இருவரின் மாற்றுச் சான்றிதழ் நகல்கள், மகளின் ஆறாம் வகுப்புச் சான்று, சேர்க்கை கோரி நான் பள்ளிகளுக்கு அளித்த விண்ணப்பங்களின் நகல்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். அவற்றில் உள்ள யூனிட் விவரங்களைத் துறைக்கு வெளியே பகிராமல் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவித்தால், அதை என் கணவருக்கும் கடிதத்தில் எழுதி அனுப்புவேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)