செவலைக்கு டயாலிசிஸ் வேண்டாம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நம் நாய் செவலையைப் பற்றி நீ கேட்டதற்கு என்னால் கோர்வையாகப் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உன் அம்மா நின்றுகொண்டு "அவ அழறாளா, அவ அழறாளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் நாய்க்கு டயாலிசிஸ் செய்கிறார்களாமே, பணம் நான் அனுப்புகிறேன், ஏன் தயங்குகிறீர்கள்" என்றாய். காரணம் பணம் இல்லை.

டாக்டரிடம் நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். சிறுநீரகம் திடீரென்று அடிவாங்கியிருந்தால் டயாலிசிஸ் உயிரைக் காப்பாற்றும். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ், சில பாம்புக்கடிகள், ஏதாவது விஷம், இந்த மாதிரி. சில நாள் இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொடுத்தால், அதற்குள் சிறுநீரகம் தேறிக்கொள்ள வாய்ப்பு உண்டு. செவலைக்கு அப்படி இல்லை. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்த் தெரிகின்றன. பல காலமாகத் தேய்ந்து வந்திருக்கின்றன, இனி வளராது. டயாலிசிஸ் என்று ஆரம்பித்தால் இருக்கும்வரை விடாமல் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கழுத்து ரத்த நாளத்தில் குழாயோடு மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். ஆட்டோவில் ஏற்றினாலே நடுங்குகிற கிழவி அவள்.

"இவ்வளவு முற்றும்வரை எப்படித் தெரியாமல் போனது" என்றும் கேட்டாய். இந்த வியாதியின் குணமே அதுதான் என்கிறார் டாக்டர். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) ஏறிக் காட்டும். அவளுக்கு 4.1 இருக்கிறது. நாய்களுக்கு இந்த வியாதியில் நான்கு நிலை வைத்திருக்கிறார்கள், இது மூன்றாவது. கிரியேட்டினினுக்கு முன்னால் தெரிகிற அடையாளம் ஒன்று உண்டு: தண்ணீர் அதிகம் குடிப்பது, மூத்திரம் அதிகம் போவது. எதிர்வீட்டு மாமி "நன்னா போறதே, கிட்னி சரியாத்தானே இருக்கும்" என்கிறார். நேர்மாறு. மூத்திரத்தைக் கெட்டியாக்கி, உடம்புக்குத் தண்ணீரை மிச்சம்பிடிக்கும் சக்தி போய்விட்டதால் வெறும் தண்ணீராக இறங்குகிறது. இழந்ததை ஈடுகட்ட அவள் வாளி வாளியாகக் குடிக்கிறாள். அதே மாமிதான், ராத்திரி ஹாலை நனைக்கிறாள் என்றால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கிண்ணத்தை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை. தரையைத் துடைத்துக்கொள்ளலாம், இந்த நிலையில் அவள் உடம்பு வற்றினால் மிச்சமிருக்கும் சிறுநீரகமும் போய்விடும்.

சாப்பாடுதான் பெரிய மாற்றம். எலும்பு அடியோடு நிறுத்தம். பாஸ்பரஸ் ரத்தத்தில் தேங்கினால் வியாதி வேகமாக முற்றும். எலும்பு, ஈரல், பால், முட்டை மஞ்சள் எல்லாவற்றிலும் அது அதிகம். முட்டை வெள்ளை கொடுக்கலாம். டாக்டர் எழுதிய சிறுநீரக உணவை அவள் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை நீ பார்க்க வேண்டும். லேசாகச் சூடாக்கி, வெள்ளைக்கருவைப் பிசைந்து வைத்தால் அம்மா கையால் சாப்பிடுகிறாள், என் கையால் மாட்டேன் என்கிறாள். குமட்டலுக்கு மாத்திரை உண்டு. பிரஷருக்கும் உண்டு, நாய்க்கும் காலில் பட்டை கட்டிப் பிரஷர் பார்க்கிறார்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் தோள்பட்டைத் தோலைத் தூக்கி அதன் கீழே ஊசி போட்டு சலைன் ஏற்றுகிறேன். கம்பவுண்டர் சொல்லிக்கொடுத்தார். தோலுக்கடியில் கோழிமுட்டை மாதிரி வீங்கும், சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும். அவள் தூங்கிக்கொண்டே இருக்கிறாள், எனக்குத்தான் கை நடுங்குகிறது.

பாயசம் வைத்தால் திராட்சை போடுவதில்லை இப்போது. காய்ந்த திராட்சை நல்ல நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று 2021-இல் அமெரிக்க விஷமுறிவு மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த அமிலம் புளியிலும் ஏராளம். அதனால் ரசம் சாதமும் கிடையாது.

சரி, உன் பூனை பட்டர் விஷயம். பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், கட்டாயம் வா, செவலை நன்றாக நடமாடும்போதே வா. ஆனால் பட்டரை நண்பர் வீட்டில் விடுவதாகச் சொன்னாயே, அதில்தான் எனக்குப் பயம். கருத்தடை செய்த ஆண் பூனை, வீட்டை விட்டு இறங்காதவன், உலர் தீவனம், கொஞ்சம் தொப்பை. மூத்திரம் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட பூனைக்குத்தான். ஆண் பூனையின் மூத்திரக் குழாய் அவ்வளவு குறுகல். உப்புத் துகளோ சளிக்கட்டியோ போதும், சில நேரம் வெறும் வீக்கமும் இறுக்கமும் போதும். புது இடம், புது ஆள் என்ற பதற்றமே அதைக் கிளப்பிவிடுமாம். முடிந்தால் நண்பரை உன் வீட்டில் வந்து தங்கச் சொல்.

அவரிடம் இதைச் சொல்லிவிடு: மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறான், கத்துகிறான், அடியை நக்கிக்கொண்டே இருக்கிறான், மணல் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து உட்காரக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு நாள், இரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். உன் அத்தை வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொல்லுவாள். அடைத்திருக்கும்போது மூத்திரத்தைப் பெருக்கினால் என்ன ஆகும், நீயே யோசி. வலிக்கிறதே என்று பாராசிட்டமால் துண்டு கொடுத்தாலும் பூனை செத்துப்போகும். லில்லிப் பூ வைத்த பூங்கொத்து அந்த வீட்டில் இருந்தால் எடுத்துவிடச் சொல். மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும்.

இப்போதிருந்தே ஈரத் தீவனத்துக்குப் பழக்கு, தண்ணீர்க் கிண்ணம் இரண்டு மூன்று இடத்தில் வை. பக்கத்தில் ராத்திரி திறந்திருக்கும் கால்நடை ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து, நம்பரை நண்பருக்கும் எனக்கும் அனுப்பு. எந்தத் தேதிக்கு டிக்கெட் போட்டாய் என்றும் எழுது. வரும்போது செவலைக்கு பிஸ்கட் எதுவும் வாங்கி வராதே, அம்மா உன் முன்னாலேயே தூக்கிப் போட்டுவிடுவாள்.

அன்புடன்,
அப்பா