மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள்: இதயநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

இதயச் செயலிழப்புக்காக என் தந்தைக்கு மற்ற மருந்துகளோடு ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராம் எழுதித் தரப்பட்டது. கால் வீக்கம் வடிந்தது. மூச்சு வாங்குவதும் குறைந்தது. ஆனால் வீட்டில் எப்போதும் தோளில் துண்டோடு வெற்றுடம்பில் இருப்பவர், சில மாதங்களில் கோடைப் பகலிலும் சட்டையைக் கழற்றாமல் உட்காரத் தொடங்கினார். மார்புக் காம்பைச் சுற்றி வீங்கி, துணி உரசினாலே வலித்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு மாத்திரையை மட்டும் தாமாகவே நிறுத்திவிட்டார். கால் மறுபடியும் வீங்கி, இரவில் படுக்க முடியாமல் அவர் திணறிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

அந்த மருந்தை நான் குறை சொல்லவில்லை. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் அது இறப்பை 30 சதவீதம் குறைத்ததை 1999இல் வெளியான ரேல்ஸ் ஆய்வு காட்டியது. மருந்து எடுத்த ஆண்களில் 10 சதவீதம் பேருக்கு மார்பக வீக்கமோ வலியோ வந்ததும், மருந்தில்லாத ஒப்பீட்டு மாத்திரை எடுத்தவர்களில் அது 1 சதவீதமே என்பதும் அதே ஆய்வில்தான் பதிவாகியுள்ளன. உடலில் உப்பையும் நீரையும் தேக்கும் அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனோடு நில்லாமல் ஆண் ஹார்மோனின் செயலையும் அது தடுப்பதே காரணம். அதே வகையைச் சேர்ந்த எப்ளெரினோன் ஆண் ஹார்மோனில் அவ்வளவாகத் தலையிடுவதில்லை. 2011இல் வெளியான எம்ஃபசிஸ் ஆய்வில், எப்ளெரினோன் எடுத்தவர்களிடம் ஒப்பீட்டு மாத்திரை எடுத்தவர்களைவிட இந்தத் தொல்லை கூடுதலாகக் காணப்படவில்லை. விலை அதிகம் என்பது உண்மைதான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் அபாயமும் இரண்டுக்கும் பொதுவானது என்பதால், மாற்றிய பிறகும் ரத்தப் பரிசோதனையைக் கைவிட முடியாது.

இதயச் செயலிழப்புக்கான மற்றொரு மருந்தான எனலாப்ரில் எடுப்பவருக்கு வறட்டு இருமல் வந்தால் அவரே சொல்லிவிடுகிறார், நீங்களும் மருந்தை மாற்றிவிடுகிறீர்கள். இந்த மார்பு வீக்கத்தை ஆண்கள் சொல்வதில்லை. என் தந்தையிடம் மறுபரிசோதனையில் "நெஞ்சு வலி உண்டா" என்று கேட்டபோது அவர் "இல்லை" என்றார். அவரளவில் அது உண்மையான பதில். அவர் இப்போது எப்ளெரினோன் எடுக்கிறார், மாற்றி எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகவே, ஸ்பைரோனோலாக்டோனை எழுதும் அன்றே, மார்பு வீங்கினாலோ வலித்தாலோ தாமாக நிறுத்தாமல் வந்து சொல்லும்படியும், மாற்று மருந்து இருக்கிறது என்றும் நோயாளியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது, மகளையும் மருமகளையும் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்