பட்டகோனியாவில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

சிலே நாட்டின் தென்கோடியில், பட்டகோனியா என்னும் பகுதியில் இருக்கும் தோரெஸ் தெல் பைனே தேசியப் பூங்காவுக்கு மலைநடை வந்த எனக்கும் என் மனைவிக்கும் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம். பெயர் சொன்னால் உங்களுக்குச் சங்கடமாகலாம் என்று சொல்லவில்லை.

புந்தா அரெனாஸ் விமான நிலையத்தில் எங்கள் பெட்டி வந்து சேரவில்லை. குளிராடை, காலணி, தூங்கும் பை எல்லாமே அதில்தான். எங்களுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. பக்கத்தில் நின்ற அம்மாவும் மகளுமான நீங்கள் இருவரும், புகார்ப் படிவத்தை நிரப்பி முடிக்கும்வரை எங்களோடு இருந்தீர்கள். உங்கள் வண்டி வெளியே காத்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அங்கிருந்து, பூங்காவுக்குப் போகிறவர்கள் தங்கும் ஊரான புவெர்த்தோ நத்தாலெஸ் சுமார் 250 கிலோமீட்டர், மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். வழியெங்கும் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தன. மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றுதான் காரணம்; அதைத் தடுக்க, பசிபிக் பெருங்கடல் முழுக்கப் பெரிய நிலப்பரப்பே கிடையாது.

விடுதியம்மா, பெட்டி வரவில்லை என்று சைகையில் சொன்னதுமே உங்கள் மகனுடைய மலைக் காலணியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தீர்கள். கொஞ்சம் பெரிதாக இருந்ததால் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் தந்தீர்கள். வாடகையாக ஒரு பெசோகூட வாங்க மறுத்துவிட்டீர்கள்.

மற்ற சாமான்களை வாடகைக்குத் தந்த கடைத் தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். முதுகுப்பைக்கு மழை உறை கேட்டோம். காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று சொல்லி, தடித்த குப்பைப் பை ஒன்றைப் பைக்குள்ளே விரித்து, துணிகளை அதில் அடைத்து, வாயை முறுக்கிக் கட்டிக் காட்டினீர்கள். காற்றின் இரைச்சல் கேட்டதும் கால்களை அகட்டி, கோலை ஊன்றி, உடனே குனிந்து உட்காரவும் பழக்கினீர்கள். நோர்தென்ஷோல்ட் ஏரிக்கரையில் அது அப்படியே நடந்தது. ஏரித் தண்ணீர் புகைபோல எழும்பி எங்களை நோக்கி வந்தது. உட்கார்ந்துவிட்டோம். என் மனைவி தடுமாறியபோது, பின்னால் வந்த நடைப்பயணிகள் இருவர் அவளை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

பிரெஞ்சுப் பள்ளத்தாக்குக்கு மேலே போகக் கூடாது என்று தடுத்த பூங்காக் காவலரே, எங்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அடுத்த நாள் வானிலையைக் கேட்டு வந்து, எப்போது கிளம்பலாம் என்று எங்கள் கூடாரத்தருகே வந்து சொன்னீர்களே, அந்த அக்கறையை மறக்க முடியாது. 2011 டிசம்பர் இறுதியில் மூண்ட தீயில் 17,000 ஹெக்டேருக்கும் மேல் எரிந்ததை நீங்கள் சொல்லித்தான் அறிந்தோம். வெள்ளெலும்பாக நிற்கும் லெங்கா மரங்களையும் நீங்கள்தான் காட்டினீர்கள்.

அங்கே போகவிருக்கும் நண்பர்களே, பூங்காவுக்குள் எங்கேயும் நெருப்பு மூட்டாதீர்கள். அடுப்பை அனுமதித்த இடத்தில் மட்டும் பற்றவையுங்கள். அந்தக் காவலர்கள் எங்களிடம் பதிலுக்குக் கேட்டது இது ஒன்றைத்தான்.